ஹோமி பாபா போட்ட கணக்கு

(இயற்பியல் துறை, 1972–75 அணி)

ஹோமி பாபா என்றதும் நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு டக்கென்று என்ன ஞாபகம் வரும்? டிராம்பே, அணு உலை, போட்டித் தேர்வில் ஒரு மார்க் கேள்வி. இதில் தமிழ் எழுத்து வேறு ஒரு சங்கடத்தைச் செய்கிறது. நமக்கு இருப்பது ஒரே 'ப'. பாபா என்று கரும்பலகையில் எழுதினால், சீரடியா சார், புட்டபர்த்தியா சார் என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். 2002-க்குப் பிறகு ரஜினி படமா சார் என்றும் கேட்டார்கள். முப்பது வருஷம் வகுப்பெடுத்தவன் என்பதால் இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது.

மலர்க் குழுவினர் இந்த ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். அணுசக்தித் துறையைக் கட்டிய பாபாவைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது இருபத்தாறு வயதில் ஒரு கணக்குப் போட்டாரே, அந்தப் பாபாவை. இரண்டு துகள்கள் பெரும் வேகத்தில் மோதினால் எந்தத் திசையில் எவ்வளவு சிதறும் என்ற கணக்கு அது. உலகத்தின் பெரிய முடுக்கிகளில் இன்றைக்கும் அதை வைத்துத்தான் அளவெடுக்கிறார்கள். நம் பாடப் புத்தகங்களில் அதற்கு அரைப் பக்கம்கூடக் கிடையாது.

பாபா பிறந்தது 1909 அக்டோபர் 30, பம்பாயில். வசதியான பார்சிக் குடும்பம். தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் கல்வித்துறையின் உயர் அதிகாரி. அப்பா ஜஹாங்கீர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த வழக்கறிஞர். அத்தை மெஹர்பாய், டாட்டா குடும்பத்து மூத்த பிள்ளை சர் தோராப்ஜி டாட்டாவை மணந்தவர். வீட்டில் நல்ல நூலகம், ஓவியப் புத்தகங்கள். அத்தை வீட்டிலோ கிராமபோன் தட்டுகள். பீத்தோவனும் மொசார்ட்டும் அந்தப் பையன் காதில் சின்ன வயதிலேயே விழுந்தன. இரும்பாலை, மின் நிலையம் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதும் விழுந்தது. கதீட்ரல் பள்ளி, எல்ஃபின்ஸ்டன் கல்லூரி, ராயல் இன்ஸ்டிடியூட் என்று பம்பாய்ப் படிப்பை முடித்து, 1927-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார்.

எதற்குப் போனார் தெரியுமா? இஞ்சினியரிங் படிக்க. பையன் மெக்கானிக்கல் முடித்து வரட்டும், ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் நல்ல வேலை காத்திருக்கிறது என்பது அப்பாவும் தோராப்ஜி டாட்டாவும் போட்டு வைத்த திட்டம். பையனுக்கு மனசு போனது இயற்பியலில். அப்போது கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வுக்கூடம் ரூதர்ஃபோர்டின் கையில்; பக்கத்திலேயே டிராக் என்ற இளைஞர் எலெக்ட்ரானுக்கு ஒரு சமன்பாட்டை எழுதி உலகத்தையே திகைக்க வைத்துக்கொண்டிருந்தார். 1928-இல் பாபா அப்பாவுக்கு நீண்ட கடிதம் எழுதினார். இஞ்சினியர் வேலை என் சுபாவத்துக்கு ஒத்து வராது, இயற்பியல்தான் என் வழி என்பதே அதன் சாரம்.

நம் ஊரிலும் வருஷா வருஷம் மே மாதத்தில் நடக்கிற கதைதானே இது! ஜஹாங்கீர் பாபா மறுத்துவிடவில்லை, ஒரு பேரம் பேசினார். முதலில் மெக்கானிக்கல் பரீட்சையை முதல் வகுப்பில் முடி, அதன் பிறகு கணிதம் படிக்கப் பணம் நான் தருகிறேன் என்றார். 1930-இல் பையன் முதல் வகுப்பு வாங்கிக் காட்டினான். அப்பாவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 1932-இல் கணிதத்திலும் முதல் வகுப்பு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அட்மிஷனுக்கு வரும் பெற்றோரிடம் இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் சிரித்துவிட்டு இஞ்சினியரிங் பாரத்தைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள். அது போகட்டும்.

1932 சாதாரண வருஷம் இல்லை. சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். காக்ராஃப்டும் வால்டனும் முடுக்கியால் அணுக்கருவை உடைத்தார்கள். அமெரிக்காவில் ஆண்டர்சன், எலெக்ட்ரானைப் போலவே இருந்து நேர்மின்னூட்டம் கொண்ட பாசிட்ரானைப் பார்த்தார். பாபாவுக்கு உதவித்தொகைகள் கிடைத்தன. சூரிச்சில் பாலி, ரோமில் ஃபெர்மி என்று ஜாம்பவான்களிடம் போய் உட்கார்ந்து கற்றார். 1935-இல் டாக்டர் பட்டம். ஃபௌலர் வழிகாட்டி.

இனிமேல் கொஞ்சம் இயற்பியல். வரலாறு, தமிழ், வணிகவியல் படித்த நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம்; எளிதாகவே சொல்கிறேன்.

கண்ணைக் கட்டிக்கொண்டு மாந்தோப்பில் கல் எறிகிறோம் என்று வையுங்கள். ஆயிரம் கல் எறிந்ததில் முப்பது கல் காயில் பட்டது. தோப்பின் பரப்பு தெரியும், காய்களின் எண்ணிக்கை தெரியும் என்றால், ஒரு காய் எவ்வளவு பெரிது என்பதைப் பார்க்காமலே கணக்குப் போட்டுவிடலாம். அணுவுக்குள் நடக்கும் மோதல்களிலும் இப்படித்தான். ஒரு துகள் மற்றொன்றின் பாதையில் எவ்வளவு பரப்பை மறைத்து நிற்கிறது என்பதற்குக் குறுக்குவெட்டு என்று பெயர். அதன் அலகு 'பார்ன்'. ஒரு சதுர சென்டிமீட்டரை ஒன்றுக்குப் பின்னால் இருபத்து நான்கு சைபர் போட்டு வகுத்தால் வருவது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் களஞ்சியம் என்று அர்த்தம். யுத்த காலத்து விஞ்ஞானிகளின் குறும்பு! மாங்காய்க்கும் துகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கல்லை வேகமாக எறிந்தாலும் மெதுவாக எறிந்தாலும் மாங்காயின் அளவு மாறாது. துகளில் மாறும். வேகம் கூடக் கூட ஒரு துகளின் குறுக்குவெட்டு சுருங்கலாம், விரியலாம். அது எப்படி மாறும் என்று முன்கூட்டியே சொல்லத்தான் கோட்பாடு வேண்டும்.

பாபா எடுத்துக்கொண்டது பாசிட்ரானும் எலெக்ட்ரானும் மோதும் கணக்கு. எலெக்ட்ரானும் எலெக்ட்ரானும் மோதினால் என்ன ஆகும் என்பதை டென்மார்க்கின் மோலர் 1932-இல் போட்டுவிட்டார். அங்கே இரண்டும் அச்சு அசல் ஒன்று. சிதறி வந்த பிறகு எது எது என்று அடையாளம் சொல்ல முடியாது. அதனால் அந்தக் கணக்கில் ஒரு கூடுதல் உறுப்பு வரும். பாசிட்ரானோ வேறு துகள், மின்னூட்டமே வேறு. ஆள் மாறாட்டத்துக்கு இடமில்லையே என்றுதான் யாருக்கும் தோன்றும். பாபா டிராக்கின் கோட்பாட்டை அப்படியே பிடித்துக்கொண்டார். அதன்படி பாசிட்ரான் என்பது எலெக்ட்ரான் கடலில் விழுந்த ஒரு காலியிடம். மோத வரும் எலெக்ட்ரான் அந்தக் காலியிடத்திலேயே விழுந்து இரண்டும் மறைந்துபோகலாம். அந்த ஆற்றலில் புதிதாக ஒரு ஜோடி பிறந்து வெளியே வரலாம். ஒன்றையொன்று தட்டிவிட்டுப் போன பழைய ஜோடியா, மறைந்து பிறந்த புது ஜோடியா என்று வெளியே நிற்கிறவனால் கண்டுபிடிக்கவே முடியாது.

இப்படி இரண்டு வழி இருக்கும்போது குவாண்டம் விதி இரண்டு நிகழ்தகவுகளையும் கூட்டச் சொல்வதில்லை. வீச்சுகளைக் கூட்டி, பிறகு இருமடி எடுக்கச் சொல்கிறது. தெப்பக்குளத்தில் இரண்டு பையன்கள் கல் போட்டால் அலைகள் சில இடத்தில் ஏறும், சில இடத்தில் அமுங்கிப்போகும் அல்லவா, அதே கதை. இதையெல்லாம் சேர்த்துப் பாபா வாங்கிய விடை 1936-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. வெறும் பன்னிரண்டு பக்கம். ஆற்றல் கூடும்போது, பெரிய கோணங்களில் சிதறுவதில், புதிய உறுப்பு கணிசமான வித்தியாசத்தைக் காட்டும் என்பது முடிவு. அதைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்குக் கருவிகள் வர நாளாயிற்று. 1954-இல் வெளிவந்த சோதனை முடிவுகள் அவர் பக்கமே நின்றன. இன்றைக்கு உலகம் முழுக்க அதற்குப் பாபா சிதறல் என்றுதான் பெயர்.

சரி, இதனால் யாருக்கு என்ன லாபம்? ஜெனீவாவுக்கு அருகில் செர்ன் ஆய்வுக்கூடத்தில், பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவு சுரங்கத்தில், 1989 முதல் 2000 வரை லெப் என்ற முடுக்கி ஓடியது. எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் எதிரெதிரே விட்டு மோத வைத்தார்கள். அதில் பெரிய சிக்கல், மொத்தம் எத்தனை வாய்ப்பு கொடுத்தோம் என்பதை எண்ணுவது. கல்யாணப் பந்தியில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று தலையை எண்ணிக்கொண்டிருக்க முடியுமா? சமையல்காரர் பின்கட்டில் எச்சில் இலையை எண்ணுவார். ஆளுக்கு ஓர் இலை, கணக்கு முடிந்தது. செர்ன்காரர்களுக்குப் பாபா சிதறல்தான் இலை. மிகச் சிறிய கோணத்தில் சிதறி வரும் ஜோடிகளை எண்ணி, பாபாவின் குறுக்குவெட்டால் வகுத்துவிட்டால், முடுக்கி மொத்தம் எவ்வளவு வேலை செய்தது என்று தெரிந்துவிடும்.

அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் இயற்கையில் எத்தனை வகை நியூட்ரினோ உண்டு என்ற பெரிய கேள்விக்கு விடை கண்டார்கள். மூன்று வரவேண்டும். 2006-இல் அச்சான இறுதி விடை 2.9840, பிழை வரம்பு 0.0082. மூன்றுக்குக் கிட்டத்தட்டத்தான், ஆனால் பிழை வரம்பைப்போல் இரண்டு மடங்கு குறைவு. ஏதாவது புதிய இயற்பியல் ஒளிந்திருக்கிறதோ என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். 2019-இலும் 2020-இலும் பழைய கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு கற்றை எதிர்க் கற்றையை இழுப்பதால் இலை எண்ணிக்கையில் சிறு பிசகு இருந்தது தெரியவந்தது. பாபா குறுக்குவெட்டையும் நுணுக்கமாகத் திருத்தினார்கள். விடை 2.9963 என்று வந்து உட்கார்ந்தது, பிழை வரம்பு 0.0074. முடுக்கியைப் பிரித்து எடுத்து இருபது வருஷம் கழித்து, காகிதத்தில் மட்டும் நடந்த வேலை இது! ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துல்லியத்துக்குச் சண்டை. வகுப்பில் நான் பிழைக் கணக்கு நடத்தும்போது கொட்டாவி விட்ட அணிகள் சில இந்தக் கூட்டத்துக்கு வருகின்றன. அவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

பாபாவின் இரண்டாவது பெரிய வேலை 1937-இல். ஜெர்மனியிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி பிரிஸ்டலுக்கு வந்திருந்த ஹைட்லருடன் சேர்ந்து செய்தது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் கருவிகளில் திடீர் திடீரென்று மழை மாதிரி கொட்டுவதைப் பார்த்திருந்தார்கள். ஏன் என்று தெரியவில்லை. அதைவிட முக்கியமான ஒரு தகராறு ஓடிக்கொண்டிருந்தது. வேகமான எலெக்ட்ரான் அணுக்கருவின் அருகே போனால் ஒளித்துகளை உமிழும், அந்த ஒளித்துகள் எலெக்ட்ரான்–பாசிட்ரான் ஜோடியாகும். இவற்றின் குறுக்குவெட்டுகளை பெத்தேவும் ஹைட்லரும் 1934-இல் கணக்கிட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு சரி என்றால் எலெக்ட்ரான் கொஞ்சம் ஈயத்திலேயே தன் ஆற்றலை இழந்துவிட வேண்டும். காஸ்மிக் கதிர்களில் சிலவோ கனமான ஈயத்தைத் துளைத்துக்கொண்டு போயின. ஆகவே மிக உயர்ந்த ஆற்றலில் குவாண்டம் கோட்பாடே பொய்த்துப்போகிறது என்று பெரிய பெரிய தலைகள் எல்லாம் நம்பத் தொடங்கியிருந்தார்கள்.

பாபாவும் ஹைட்லரும் குறுக்குவெட்டை நம்பினார்கள். அது சரி என்றே வைத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போமே என்றார்கள். ஓர் எலெக்ட்ரான் ஓர் ஒளித்துகளைத் தருகிறது, அது இரண்டாகிறது, ஒவ்வொன்றும் மறுபடி... சதுரங்கக் கட்டத்தில் நெல்மணி வைத்த கதை நமக்குத் தெரியுமே, அதேதான். படிக்குப் படி இரட்டிப்பு. காற்றில் ஒரு துகளுக்குச் சுமார் 85 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே ஆற்றல் இறங்கியதும் பெருக்கம் நிற்கும். 100 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டில் ஒரே ஒரு துகள் நுழைந்தால், பத்தே படியில் ஆயிரத்துக்கும் மேல்! மழைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அதே வருஷம் அமெரிக்காவில் கார்ல்சனும் ஓப்பன்ஹைமரும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள்.

அப்படியானால் ஈயத்தைத் துளைத்துப் போனது எது? கோட்பாடு சரி என்றால் அது எலெக்ட்ரானாக இருக்கவே முடியாது. எலெக்ட்ரானைவிடக் கனமான, புரோட்டானைவிட லேசான வேறு ஏதோ ஒன்று. பாபா இதைத் தனியாக ஒரு கட்டுரையில் வாதாடி நிறுவினார். ஆண்டர்சனும் நெடர்மெயரும் மேகக் கலத்தில் அப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று அதை மியூவான் என்கிறோம். மீசான் என்ற பெயரைச் சுருக்கி வைக்கச் சொன்னவரும் பாபாதான், 1939-இல். இன்னொன்றும் சொன்னார். இப்படிப்பட்ட துகள் தானாகச் சிதையும் என்றால், வேகமாக ஓடும்போது அதன் ஆயுள் சார்பியல் விதிப்படி நீள வேண்டும், அதுவே ஐன்ஸ்டைனுக்கு ஒரு பரீட்சை ஆகும் என்றார். மியூவானின் ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. ஒளி வேகத்தில் ஓடினாலும் 660 மீட்டர்தான் தாண்டும். பிறப்பதோ பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில். ஆனாலும் தரைக்கு வந்து சேர்கிறது. 1941-இல் அமெரிக்காவில் ரோஸியும் ஹாலும் அளந்து, அது சரிதான் என்று காட்டினார்கள்.

1939-இல் விடுமுறைக்குப் பம்பாய் வந்திருந்தார். செப்டம்பரில் யுத்தம் மூண்டது. கேம்பிரிட்ஜ் திரும்ப வழியில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இயற்பியல் துறையில் ராமன் இருந்தார். அங்கே பாபா போய்ச் சேர்ந்தார். டாட்டா அறக்கட்டளைப் பணத்தில் காஸ்மிக் கதிர் ஆய்வுப் பிரிவு ஒன்று தொடங்கினார். இளைஞர் விக்ரம் சாராபாயும் அப்போது அங்கேதான். 1941-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், வயது 31. யுத்தம் முடிந்ததும் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தார். அந்தப் பெங்களூர் வருஷங்களில் மனசு மாறியது. நல்ல ஆட்களை இங்கேயே ஒன்று சேர்த்து ஒரு பள்ளியை உருவாக்கினால் தங்கிவிடலாம் என்று தோன்றியது. 1944 மார்ச் 12-இல் டாட்டா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். இன்னும் இருபது வருஷத்தில் அணுசக்தி மின்சாரம் தரும்போது நாம் நிபுணர்களை வெளிநாட்டில் தேட வேண்டியிருக்கக் கூடாது என்று அதில் குறிப்பிட்டார். ஹிரோஷிமா நடக்கப் பதினேழு மாதம் இருந்தது.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1945-இல் பெங்களூரில் தொடங்கி, அந்த ஆண்டு டிசம்பரிலேயே பம்பாய் பெடர் சாலைக்கு வந்தது. கெனில்வொர்த் என்ற பங்களாவில் பாதி. அவர் பிறந்த வீடே அது. பிறகு 1948-இல் அணுசக்தி ஆணையம், 1954-இல் அணுசக்தித் துறை, 1956 ஆகஸ்ட் 4-இல் அப்சரா உலை. 1955 ஜெனீவா மாநாட்டுக்குத் தலைமை. தோரியத்தை வைத்து மூன்று கட்டத் திட்டம்; நம் மணவாளக்குறிச்சி கடல் மணலுக்கும் அதில் இடம் உண்டு. இவையெல்லாம் பொது அறிவுப் புத்தகங்களில் இருப்பவை, நீட்டவில்லை.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். மலர்க் கட்டுரை என்றால் மாலை மட்டும்தான் போட வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? ஜெனீவாவில் அணுச் சேர்க்கை ஆற்றல் இருபது வருஷத்தில் வசமாகிவிடும் என்று பாபா கணித்தார். எழுபது வருஷம் ஆகியும் ஆகவில்லை. மேக்நாத் சாஹா அவருடைய அணுசக்தித் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். ரகசியம் ஏன், பல்கலைக்கழகங்களை விட்டுவிட்டு ஓரிடத்தில் எல்லாவற்றையும் குவிப்பானேன் என்று கேட்டார். பல்கலைக்கழகங்கள் இளைத்துப்போனதைப் பார்க்கும்போது சாஹா கேட்டதில் நியாயம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது. 1964 அக்டோபரில் சீனா குண்டு வெடித்த சில நாட்களில் பாபா வானொலியில் பேசினார். ஐம்பது அணுகுண்டுகள் பத்துக் கோடி ரூபாய்க்குள் அடங்கும் என்று கணக்குச் சொன்னார். குறுக்குவெட்டில் அத்தனை கறாராக இருந்தவர், அந்த மதிப்பீட்டில் உலை, ஆலைச் செலவையெல்லாம் எங்கே சேர்த்தார் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது.

அவருடைய சொந்த ஆராய்ச்சி 1950-களின் முதல் பாதியோடு ஓய்ந்துவிட்டது. அதற்குமேல் கோப்புகள், கூட்டங்கள், கட்டடங்கள். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டவர். கேம்பிரிட்ஜிலேயே இருந்திருந்தால் வாங்கியிருப்பார் என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு கட்சி எப்போதும் உண்டு. வாங்கியிருக்கலாம். ஆனால் இங்கே வளர்ந்த ஆட்களை என்ன செய்வது? சட்டம் படித்துவிட்டு இயற்பியலுக்குத் தாவியவர் நம் சென்னைக்காரர் அல்லாடி ராமகிருஷ்ணன், அரசியல் சட்டத்தை வரைந்தவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகன். 1947-இல் பாபாவிடம் சேர்ந்தார். காஸ்மிக் மழையில் சராசரியாக எத்தனை துகள் என்பது தெரியும். ஆனால் ஒவ்வொரு மழையும் சராசரியைவிட்டு எவ்வளவு விலகும் என்பது பாபாவின் தீராத கேள்வி. சராசரி மழை அளவை வைத்துக்கொண்டு இந்த வருஷம் ஏரி நிரம்புமா என்று சொல்ல முடியுமா? அதே சிக்கல். அதைத் தீர்க்கும் கணித வழியை ராமகிருஷ்ணன் உருவாக்கினார். பிற்பாடு 1962 ஜனவரியில் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தையும் தொடங்கினார். அடையாறு பக்கம் போகிறவர்கள் தரமணியில் அதைப் பார்க்கலாம்.

கோலார் தங்க வயல் இன்னொன்று. காஸ்மிக் கதிர் பூமிக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று பார்க்க, 1951-இல் ஸ்ரீகண்டன் என்ற இளம் ஆராய்ச்சியாளர் கருவிகளோடு சுரங்கத்தில் இறங்கினார். வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கம் வெட்டிய சுரங்கம் அது. 1965-இல், சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ மோதியதன் தடயத்தை டாட்டா நிறுவனத்தாரும் ஜப்பானியரும் பிரிட்டிஷாரும் சேர்ந்து பிடித்தார்கள். உலகில் முதன்முதலாக அதைக் கண்ட இரண்டு குழுக்களில் ஒன்று. பாபா அப்போது இருந்தார். பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படம் வரைவார், நன்றாகவே வரைவார். கொலாபாவில் நிறுவனத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியபோது தோட்டத்தில் எந்த மரம் எங்கே என்பதுவரை அவரே பார்த்தார். சாலைக்காக வெட்டப்போன மரங்களை வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்து நட வைத்தார். ஹுசைனின் பெரிய சுவரோவியம் இன்றும் அங்கே இருக்கிறது.

1966 ஜனவரி 24. வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமைக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். ஏர் இந்தியாவின் போயிங் 707, 'கஞ்சன்ஜங்கா', ஜெனீவாவில் இறங்கத் தயாரானபோது மாண்ட் பிளாங்க் மலையில் மோதியது. 117 பேரும் போய்விட்டார்கள். பாபாவுக்கு வயது 56. மலையைத் தாண்டிவிட்டோம் என்று விமானி தவறாகப் புரிந்துகொண்டார் என்பது பிரெஞ்சு விசாரணையின் முடிவு. சதி என்று இன்றுவரை கதைகள் உலவுகின்றன. அவற்றுக்கு நான் கண்ட ஆதாரம் எதுவும் இல்லை. 1950-இலும் ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' அதே மலையில்தான் மோதியது என்பதை மறந்துவிடுகிறார்கள். இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்ற நாளும் அதே ஜனவரி 24. 2020 கோடையில் அங்கே பனியாறு உருகியபோது, அவர் தேர்வானதைத் தலைப்புச் செய்தியாகப் போட்ட இந்திய நாளிதழ்கள் உள்ளேயிருந்து வெளியே வந்தன. விமானத்தில் இருந்தவைதான். எழுத்து அழியாமல் இருந்ததாம். 1967-இல் டிராம்பே நிலையத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

கடைசியாக, படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு தகவல். ஊட்டிக்குப் போனால் பொட்டானிக்கல் கார்டன், படகுத்துறையோடு திரும்பிவிடுகிறோம். அங்கேயே, 2,200 மீட்டர் உயரத்தில், டாட்டா நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. கிரேப்ஸ் என்று பெயர். புல்வெளியில் 25,000 சதுர மீட்டரில் சுமார் 400 உணர்கருவிகள் வரிசையாக நிற்கும். தனியாக 560 சதுர மீட்டரில் மியூவான் எண்ணும் கூடம் ஒன்று. பாபாவும் ஹைட்லரும் காகிதத்தில் எழுதிய மழை அங்கே தினமும் விழுகிறது. முதல் மோதல் புரோட்டானுக்கும் காற்றின் அணுக்கருவுக்கும் இடையே நடப்பது. அந்தக் குறுக்குவெட்டு பாபா சிதறலைப் போல முழுதாகக் கணக்குக்கு அடங்குவதில்லை. முடுக்கிகளில் அளந்ததை வைத்து மாதிரி செய்து, அதற்கு மேலான ஆற்றலுக்கு ஊகித்துத்தான் நீட்டுகிறார்கள். அர்ஜென்டினாவில் உள்ள பியர் ஓஷே ஆய்வகம் 2012-இல் மழையிலிருந்தே பின்னோக்கிக் கணக்கிட்டு 505 மில்லிபார்ன் என்று ஒரு விடை சொன்னது, எந்த முடுக்கியும் எட்டாத ஆற்றலில். ஊட்டிக்காரர்கள் 2014 டிசம்பர் 1-இல் தலைக்கு மேலே போன ஓர் இடிமேகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மேகம் கடந்தபோது மியூவான் எண்ணிக்கை குறைந்தது. எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து மேகத்துக்குள் 1.3 ஜிகா வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாகக் கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். மேகத்துக்குள் யாரும் போகவில்லை. கீழே நின்று எண்ணியதுதான்.